ஆழ்கடல் துளை லொக்: செயலாக்கிய கோப்பை எவ்வளவு நம்பலாம்?

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. ஆழ்கடலில் துளையிட்ட ஜொய்டிஸ் ரெசொலூசன் என்ற ஆய்வுக் கப்பலின் லொக் தரவை, அதாவது துளைக்குள் கருவியை இறக்கி ஆழம் ஆழமாக அளந்த எண்களை, இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு எடுத்திருக்கிறார். ஒரே துளைக்கு இரண்டு விதமான கோப்புகள் இருக்கின்றன. ஒன்று கப்பலில் பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்பு, மற்றது பிறகு கரையில் செயலாக்கியது. இரண்டிலும் ஆழம் ஒத்துவரவில்லை. கோரில், அதாவது துளையில் இருந்து வெட்டியெடுத்த மண் தூணில், தெரியும் ஆழமும் லொக்கோடு சேரவில்லை. அதோடு, செயலாக்கிய கோப்பில், கடலடிக்கு முன்னூறு மீற்றர் கீழே ஓரிடத்தில், அடர்த்தி (ஒரு கன சென்ரிமீற்றருக்கு இத்தனை கிராம்) 1.8இல் இருந்து 1.3க்கு விழுந்து, இருபது மீற்றர் தாண்டி மறுபடி 1.8க்கு வருகிறது. "செயலாக்கினதுதானே அண்ணா, அப்படியே எடுத்து நுண்துளைமைச் சூத்திரத்தில் போடலாமா?" என்று கேட்கிறார். நுண்துளைமை என்றால் மண்ணில் தண்ணீர் நிற்கும் வெற்றிடத்தின் பங்கு.

போட வேண்டாம் தங்கச்சி, இப்போதைக்கு. செயலாக்கிய கோப்பு என்றால் பிழையெல்லாம் போன கோப்பு என்று நினைப்பதுதான் இந்தத் தரவைப் புதிதாகத் தொடும் எல்லோரும் விழும் குழி. ஆழத்தைச் சரிசெய்திருப்பார்கள். துளையின் அகலம், துளைக்குள் இருந்த சேறு ஆகியவற்றுக்குக் கணக்கில் வரக்கூடிய திருத்தங்களைப் போட்டிருப்பார்கள். ஆனால் சுவர் இடிந்து கிடந்த இடத்தில் கருவி பாறையைத் தொடவே இல்லை என்றால், தொடாததை யார் திருத்துவது? நல்ல செயலாக்கக்காரர் அந்த எண்ணை அழிக்கவும் மாட்டார், அழகாக்கவும் மாட்டார். அப்படியே விட்டுவிட்டு, கூட வரும் குறிப்பில் "இந்த ஆழத்தில் துளை மோசம்" என்று ஒரு வரி எழுதி வைப்பார். அந்தக் குறிப்பை யாரும் வாசிப்பதில்லை.

இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். லொக் தரவு செயலாக்கும் மேசைக்குப் போவதற்கு முன்னர் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் குழாய்க்கிணறு அடிக்கும் ஆட்களோடு திரிந்தவன் நான். வன்னியின் மேற்குக் கரையில், மன்னார், பூநகரிப் பக்கம் சுண்ணக்கல் இருக்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் கடும்பாறை. புவியியலில் அதற்குப் பெயரே வன்னித் தொகுதி. அந்தப் பாறையில் தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கும். ஒரு ஐயா தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து இடம் குறித்தார். அடித்து முடித்த துளைக்குள் நான் மின்தடைக் கருவியை இறக்கினேன். ஓரிடத்தில் தடை பொத்தென்று விழுந்தது. "இதுதான் வெடிப்பு, மோட்டரை இந்த மட்டத்தில் விடுங்கோ" என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். இரண்டு கிழமையில் மோட்டர் கல்லும் மண்ணும் இறுகி நின்றுவிட்டது. பிறகு கமெராவை இறக்கிப் பார்த்தால் அங்கே வெடிப்பே இல்லை. மக்கிய பாறை உதிர்ந்து, துளை பானை வயிறு போல அகன்றிருந்தது. கருவியைச் சுற்றித் தண்ணீர் கூடியதால் தடை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். துளையின் அகலத்தை அளக்கும் கலிப்பரை ஓட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அரை மணித்தியாலம் மிச்சம் பிடிக்கப் பார்த்து விட்ட பிழை. ஐயா ஏசவில்லை. "தம்பி, உன்ர மெசினும் என்ர தேங்காயும் ஒண்டுதான் போல" என்றார்.

கடலுக்கு வருவோம். வன்னிக்கும் ஆழ்கடல் துளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: மன்னார் தீவின் பேசாலையில் 1970களிலேயே சோவியத் உதவியோடு எண்ணெய்க்காகத் துளையிட்டார்கள். 2011இல் மன்னார்ப் படுகையில், 1,300 மீற்றருக்கும் ஆழமான கடலில், கெயன் நிறுவனம் ஜப்பானின் சிக்யூ என்ற கப்பலை வாடகைக்கு எடுத்துத் துளையிட்டு எரிவாயு கண்டது. சிக்யூ உண்மையில் அறிவியல் துளையிடலுக்காகக் கட்டிய கப்பல். உங்கள் தரவு வந்த ஜொய்டிஸ் ரெசொலூசன் கப்பலும் 2015இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து போனதுதான். அந்த ஆண்டு வங்காள விரிகுடாவில் 8 பாகை வட அகலக்கோட்டின் வழியே, அதாவது வாழைச்சேனைக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, வரிசையாகத் துளையிட்டார்கள். இமயமலையில் இருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண் அது.

இந்த இரண்டு கப்பலுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் உங்கள் தரவில் பாதி விளங்கிவிடும். சிக்யூவில் கப்பலில் இருந்து கடலடி வரை ஒரு பெருங்குழாய் இறக்கலாம். அப்படி இறக்கினால் பாரமான துளைச்சேற்றை உள்ளே விட்டு மேலே எடுக்கலாம், சேற்றின் பாரம் சுவரைத் தாங்கிக்கொள்ளும். ஜொய்டிஸ் ரெசொலூசனில் அந்த வசதி இருந்ததில்லை. கடல்நீரையே பம்ப் பண்ணித் துளையிடுவார்கள். வெட்டிய தூள் கடலடியில் கொட்டுண்டு போகும். இடைக்கிடை கெட்டியான சேற்றை விட்டுத் துளையைக் கழுவுவார்கள். மற்றபடி இளகிய சேற்றுச் சுவரைத் தாங்க அங்கே ஒன்றும் இல்லை. பத்து முதல் பதினொன்றரை அங்குலம் வரையான அலகால் வெட்டிய துளை, லொக் எடுக்கும் நேரத்தில் பல இடங்களில் பதினைந்து, பதினெட்டு அங்குலமாகியிருக்கும். அதற்குள் இறங்கும் கருவியோ துளைக்கும் குழாய்க்குள்ளால் போக வேண்டியது, நான்கு அங்குலத் தடிப்புக்கும் குறைந்தது. கிணற்றுக்குள் விட்ட உலக்கை போலத்தான்.

இன்னொன்று, குழாயை முழுவதும் வெளியே எடுக்கமாட்டார்கள். கடலடியில் இருந்து எண்பது, நூறு மீற்றர் வரை அது உள்ளேயே நிற்கும். மேல் பகுதி அவ்வளவு இளகியது, குழாயை எடுத்தால் மூடிவிடும். அதனால் மேல் நூறு மீற்றருக்குக் காமாவை, அதாவது மண்ணே விடும் இயற்கைக் கதிரை எண்ணும் வளைவைத் தவிர உருப்படியான லொக் இராது. காமாகூட இரும்பைத் தாண்டி வருவதால் பலவீனப்பட்டிருக்கும். அந்தப் பகுதியில் வளைவின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள், எண்ணை எடுக்காதீர்கள். வங்காள விரிகுடாத் தரவை எடுத்த ஒரு மாணவர் 74,000 ஆண்டுக்கு முந்திய டோபா எரிமலைச் சாம்பலை, கம்பியில் கருவியை இறக்கி எடுத்த இந்த லொக்கில் தேடிக் களைத்தது எனக்குத் தெரியும். அது கோரில் மேலேயே கிடக்கும். லொக்குக்கு அந்த இடம் முழுக்கக் குழாய்.

சரி, ஆழம். இரணைமடு இன்றைக்கு எத்தனை அடி என்று கிளிநொச்சியில் யாரும் சொல்வார்கள். அந்த அடி குளத்தின் ஆழமான பள்ளத்தில் இருந்து எண்ணியதல்ல, துருசு மட்டத்தில் இருந்து எண்ணியது. பூச்சியம் எங்கே என்று தெரியாமல் அடியைப் பேசிப் பயனில்லை. உங்கள் மூலக் கோப்பின் பூச்சியம் கப்பலின் துளைமேடைத் தளம். செயலாக்கிய கோப்பின் பூச்சியம் கடலடி. ஆகவே முதல் வேலை கடலடி எங்கே என்று லொக்கிலேயே கண்டுபிடிப்பது. கடல்நீரில் காமா ஏறக்குறைய ஒன்றும் இல்லை. சேற்றுக்குள் நுழைந்ததும் படி ஏறினது போல உயரும். உதாரணத்துக்கு, துளையிட்டவர்கள் குழாயை எண்ணிக் கடலடி 2,911 மீற்றர் என்று எழுதியிருப்பார்கள். லொக்கில் அந்தப் படி 2,914இல் தெரியும். யார் சரி? இருவரும் தங்கள் தங்கள் முழக்கோலில் சரி. குழாயும் தன் பாரத்தில் நீளும், கம்பியும் நீளும், கடல் வற்றும், பெருகும். லொக்குக்கு லொக் கண்ட கடலடியையே கழிப்பார்கள்.

அதோடு முடிவதில்லை. கருவிகளைக் கோர்வை கோர்வையாகத்தான் இறக்குகிறார்கள். ஒரு கோர்வையில் காமா, அடர்த்தி, ஐதரசனை வைத்துத் தண்ணீரை உணரும் நியூத்திரன், மின்தடை. மற்றதில் காமா, ஒலி வேகத்தை அளக்கும் சோனிக், சுவரைப் படம் பிடிக்கும் நான்கு தட்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு மேல் ஓட்டுவார்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் ஆழம் ஒரு மீற்றர், இரண்டு மீற்றர் தள்ளி நிற்கும். ஒவ்வொரு கோர்வையிலும் காமாவை வீணுக்கு வைக்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் நூல். நல்ல ஓட்டம் ஒன்றை அடிப்படையாக வைத்து, மற்ற ஓட்டங்களின் காமாவை அதன் மேடு பள்ளத்தோடு பொருத்தி, அதே நகர்வை அந்தக் கோர்வையின் மற்ற வளைவுகளுக்கும் கொடுப்பார்கள். இது பெரும்பாலும் மனிதக் கண்ணும் கையும் செய்யும் வேலை. கணினி தானாகப் பொருத்தினதை நான் ஒருநாளும் பார்க்காமல் விட்டதில்லை. ஒரே மாதிரி இரண்டு மேடு அடுத்தடுத்து வந்தால் அது பிழையான மேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

கப்பலின் ஆட்டம் வேறு இருக்கிறது. கப்பல் அலையில் ஏறினால் கம்பியும் ஏறும். அதைச் சமப்படுத்த மேலே ஒரு பொறி உண்டு, ஆனால் நூற்றுக்கு நூறு அல்ல. சாதாரண வளைவுகள் 15.24 சென்ரிமீற்றருக்கு, அதாவது ஆறு அங்குலத்துக்கு ஒரு புள்ளி என்பதால் பெரிதாகத் தெரியாது. சுவர்ப் படம் 2.5 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி. அங்கே கருவி ஒரு கணம் ஒட்டிக்கொண்டு பிறகு துள்ளினால் ஒரு படை கோடுகோடாக இழுபடும். கருவிக்குள் இருக்கும் முடுக்கமானியை வைத்து அதைத் திருத்துகிறார்கள்.

கோர் ஆழம் லொக்கோடு சேராததற்கும் இதுவே பாதிக் காரணம். மீதிப் பாதி கோரின் குணம். கடலடியின் அழுத்தத்தில் இருந்து மேலே வந்ததும் சேறு உப்பும். ஒரு கோருக்கும் அடுத்ததற்கும் இடையில் கொஞ்சம் தவறிப் போகும். லொக்கில் உப்பலும் இல்லை, இடைவெளியும் இல்லை. கோரிலும் கப்பலிலேயே இயற்கைக் காமா அளந்திருப்பார்கள். அந்த வளைவை லொக் காமாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பொருத்துங்கள். ஒரே எண்ணைக் கூட்டிக் கழித்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள், ஆழம் போகப் போக நகர்வு மாறும்.

இனி உங்கள் 1.3. அடர்த்திக் கருவி சீசியம் 137இன் காமாக் கதிரைச் சுவருக்குள் விட்டு, திரும்பி வருவதைக் கிட்டவும் எட்டவும் உள்ள இரண்டு உணரிகளால் எண்ணும். இதற்குக் கருவியின் தட்டு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். சின்ன இடைவெளி என்றால் இரண்டு உணரிகளும் சொல்வதில் உள்ள வித்தியாசத்தை வைத்துத் திருத்திவிடலாம். அந்தத் திருத்தத்தின் அளவும் ஒரு தனி நிரலாகக் கோப்பில் இருக்கும். அது 0.1ஐத் தாண்டினால் நான் அந்த மீற்றரைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பேன். இடைவெளி பெரிதென்றால் திருத்தமும் கைவிட்டுவிடும், எண் கடல்நீரின் 1.03ஐ நோக்கிச் சரியும்.

சூத்திரத்தில் அது என்ன செய்யும் என்று பாருங்கள். மணியின் அடர்த்தி 2.65, நீர் 1.03 என்று வைத்தால், 1.8க்கு நுண்துளைமை 52 சதவீதம் வரும். 1.3க்கு 83 சதவீதம். கடலடியில் இருந்து முன்னூறு மீற்றர் கீழே, மேலே உள்ள மண்ணின் பாரத்தில் அமுங்கிய சேறு திடீரென்று 83 சதவீதம் தண்ணீராக எப்படி நிற்கும்? சூத்திரம் கேள்வி கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

அதனால் அந்த இருபது மீற்றருக்குக் கலிப்பரை வரையுங்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கலிப்பர் மேடு பள்ளமாக ஏறி இறங்கினால் அது அளக்கிறது. 18 அங்குலத்துக்குக் கிட்டப் போய்க் கோடு கிழித்த மாதிரித் தட்டையாக நின்றால், துளை அங்கே சீராக 18 அங்குலம் என்று அர்த்தமில்லை. கலிப்பரின் கை முழுக்க விரிந்து, அதற்கு மேல் விரிய இடமில்லாமல் நிற்கிறது. உண்மையான அகலம் 20ஓ 25ஓ. நான் முதன்முதலில் அப்படி ஒரு தட்டைக் கோட்டைப் பார்த்து "என்ன அழகான துளை" என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சுவர்ப் படக் கருவியின் கலிப்பர் இன்னும் சீக்கிரம், 15 அங்குலமளவிலேயே, அப்படி நின்றுவிடும்.

துளையின் கோளாற்றுக்கு எல்லா வளைவும் ஒரே அளவில் மயங்குவதில்லை. அடர்த்தியும் நியூத்திரனும் முதலில் கெடும். நியூத்திரன் அகன்ற துளையில் தண்ணீரை எண்ணி நுண்துளைமையைக் கூட்டிக் காட்டும். களி நிறைந்த இடத்திலும் கூட்டித்தான் காட்டும், ஏனென்றால் களியின் கட்டமைப்புக்குள்ளேயே ஐதரசன் இருக்கிறது. ஆழமாகப் பார்க்கும் மின்தடை கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். ஒட்டுசுட்டானில் என்னை ஏமாற்றியது எளிய ஒற்றை முனைக் கருவி, இவை வேறு. எனவே அடர்த்தி விழுந்த இடத்தில் ஆழ மின்தடையும் சோனிக்கும் விழுந்தனவா என்று பாருங்கள். எல்லாம் ஒன்றாக விழுந்தால் பாறை மாறியிருக்கலாம். அடர்த்தி மட்டும் தனியே விழுந்தால் துளைதான்.

சோனிக்குக்கு அதன் சொந்த வியாதி உண்டு. கடலடிச் சேற்றில் ஒலி போகும் வேகம் நொடிக்கு 1.5, 1.6 கிலோமீற்றர். துளைக்குள் நிற்கும் கடல்நீரிலும் கிட்டத்தட்ட அதே வேகம். எது சுவருக்குள்ளால் வந்த சத்தம், எது தண்ணீருக்குள்ளால் வந்தது என்று பிரிக்கவே கஷ்டம். பலவீனமான முதல் அலையைத் தவறவிட்டு அடுத்த அலையைப் பிடிப்பதும் நடக்கும். ஓர் அடியைக் கடக்க 190 மைக்ரோசெக்கன் என்றால் வேகம் 304.8ஐ 190ஆல் வகுத்த 1.60. அது ஒரு புள்ளியில் 230க்குத் துள்ளினால் வேகம் 1.33, கடல்நீரைவிடக் குறைவு. வாயு இருந்தால் அப்படிக் குறையலாம், அது வேறு கதை. ஒற்றைப் புள்ளியில் கூராக நிற்கும் 1.33ஐ நான் வாயு என்று நம்பமாட்டேன். பழைய தரவென்றால் இப்படிப்பட்ட முட்களைக் கையால் களைய வேண்டும். புதியதென்றால் அலைவடிவம் முழுவதும் இருக்கும், திரும்ப எண்ணலாம்.

காமாவைப் பற்றிக் கொஞ்சம்: அது கதிர்வீச்சை எண்ணும் கருவி, எண்ணிக்கை எப்போதும் கொஞ்சம் அசையும். ஒரே இடத்தில் இரண்டு ஓட்டமும் சிறிது வேறுபட்டால் பதற வேண்டாம். துளைக்குள் பொற்றாசியம் குளோரைட்டு கலந்த சேறு விட்டிருந்தால் மட்டும் கவனம். அந்தப் பொற்றாசியமும் எண்ணிக்கையில் சேரும்.

திரும்ப ஓட்டின ஓட்டத்தை மாணவர்கள் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மூலக் கோப்பில் பெறுமதியானது அதுதான். இரண்டு ஓட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். துளை நல்ல இடத்தில் இரண்டும் ஒட்டிப் போகும். பிரியும் இடத்தில் இரண்டையுமே நம்பாதீர்கள். சராசரி எடுத்துச் சமாதானம் செய்து வைக்கவும் வேண்டாம்.

சராசரி என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் கோப்பில் அங்கங்கே மைனஸ் 999.25 என்று ஓர் எண் வரும். அது அளவீடு அல்ல, "இங்கே தரவு இல்லை" என்பதற்கான அடையாளம். பத்துப் புள்ளியில் ஒன்பது 2.0 ஆக இருந்து ஒன்று இதுவானால் சராசரி மைனஸ் 98. இவ்வளவு பெரிய பிழை என்றால் கண்ணில் படும். ஆயிரம் புள்ளிக்கு ஒன்று கலந்தால் 2.0 என்பது 1.0 ஆகும். அதை ஏதோ இளகிய படை என்று நினைத்து ஓர் அத்தியாயமே எழுதிவிடலாம்.

இப்போது செய்யச் சொல்வது இவ்வளவுதான். கலிப்பர், அடர்த்தித் திருத்தம், அடர்த்தி, ஆழ மின்தடை, சோனிக், இந்த ஐந்தையும் அந்த இருபது மீற்றருக்கும் அதற்கு மேலும் கீழும் ஐம்பது மீற்றருக்கும் பக்கம் பக்கமாக வரையுங்கள். கலிப்பர் தட்டையாக நின்று, திருத்தமும் எகிறி, மின்தடை சும்மா இருந்தால் அந்த அடர்த்தியை வெறுமையாக்குங்கள். பக்கத்து எண்களை வைத்து இட்டு நிரப்ப வேண்டாம். ஏன் வெறுமையாக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நுண்துளைமை கட்டாயம் வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு மட்டும் மின்தடையில் இருந்து, மின்தடையையும் நுண்துளைமையையும் இணைக்கும் ஆர்ச்சியின் முறையில் கணக்கிட்டு, வேறு நிறத்தில் காட்டுங்கள்.

ஆனால் கலிப்பர் பத்து, பதினொரு அங்குலத்திலேயே ஒழுங்காக நிற்கிறது என்று வையுங்கள். திருத்தமும் சின்னது, இரண்டு ஓட்டமும் ஒட்டிப் போகின்றன, மின்தடையும் சேர்ந்தே குறைகிறது. அப்போது நான் மேலே சொன்ன 83 சதவீதக் கேலியை மறந்துவிடுங்கள். தயாற்றம் என்ற நுண்பாசிகளின் கண்ணாடி ஓடுகள் குவிந்த சேற்றில் 1.3 உண்மையாகவே வரும். அந்த ஓடுகள் உள்ளே பொள்ளல், அமுக்கினாலும் இலேசில் நசியாது. அவற்றின் மணியடர்த்தி 2.65ஐ விடக் குறைவு, சூத்திரத்தில் அதையும் மாற்ற வேண்டும். அந்த ஆழத்துக் கோரின் விபரக்குறிப்பில் தயாற்றம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஐந்து வளைவையும் எனக்கு அனுப்புங்கள்.